விக்டோரியாஸ் கோயிலின் கோபக்காரக் கிறிஸ்து

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் போன் செய்தபோது, "என்ன சார், இந்த வருஷமும் கல்வெட்டுதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "இல்லை, இந்தத் தடவை பிலிப்பைன்ஸ்" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தமிழுக்கும் அதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா சார்?" என்றார். சம்பந்தம் இருக்கிறது. புதுச்சேரி வழியாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஓவியத்துக்குப் போக வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரியில். 1978-ல் மத்திய அரசு உத்தியோகம் கிடைத்து தில்லிக்கு வந்தவன், இங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் அரவிந்தர் ஆசிரமத்துக்குச் சொந்தமான ஒரு கட்டடம் உண்டு. கோல்கொண்டா என்று பெயர். உயரமான மதிலுக்கு மேலே பார்த்தால் சுவரே தெரியாது. மேலிருந்து கீழ்வரை வரிவரியாகக் கிடைமட்டப் பலகைகள்தான். திறந்தால் காற்று வரும், சாய்த்தால் மழை வராது, மூடினால் வெயில் வராது. கண்ணாடி ஜன்னல் என்பதே கிடையாது. "பாதியில விட்ட வீடுடா இது, சுவர் வைக்கக் காசில்லாம போச்சு" என்று நாங்கள் பையன்கள் பேசிக்கொள்வோம்.

உண்மையில் அது இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கி 1945-ல் முழுமை பெற்றது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியில் நிஜாமிடமிருந்து வந்த ஒரு லட்சம் ரூபாய்தான் முதல் பணம். அதனால்தான் கோல்கொண்டா என்று பெயர். வரைந்தவர் அந்தோனின் ரேமண்ட். இன்றைய செக் நாட்டில் 1888-ல் பிறந்து, அமெரிக்கா போய், அங்கிருந்து ஃபிராங்க் லாயிட் ரைட்டோடு டோக்கியோவுக்குப் போய், அங்கேயே தனி அலுவலகம் போட்டு உட்கார்ந்தவர். புதுச்சேரி வேலையைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகஷிமா. பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மரவேலைக் கலைஞர் ஆனவர் இவர்தான்.

இந்த ரேமண்ட், இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வெயிலும் மழையும் அடிக்கிற இன்னொரு கடற்கரை நாட்டில் ஒரு கோயில் கட்டினார். பிலிப்பைன்ஸில் நெக்ரோஸ் தீவின் வடபகுதியில், விக்டோரியாஸ் என்ற ஊரில், ஒரு சர்க்கரை ஆலையின் வளாகத்துக்குள். உழைப்பாளர் புனித சூசையப்பர் ஆலயம் என்று அதன் பெயர். அந்தக் கோயிலின் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரில், 1950-ல் ஓர் ஓவியம் தீட்டப்பட்டது. அதைத் தீட்டியவரின் பெயர் அல்ஃபோன்சோ ஒஸோரியோ. என் கட்டுரை அவரைப் பற்றியது.

ஆலை முதலாளியின் பிள்ளை

ஒஸோரியோ 1916-ல் மணிலாவில் பிறந்தார். தகப்பனார் மிகேல் ஒஸோரியோ ஸ்பானிய வம்சாவளி. தாயார் யாங்கோ குடும்பம். பிலிப்பினோ, சீன, ஸ்பானிய ரத்தம் மூன்றும் கலந்தது. 1919-ல் விக்டோரியாஸ் சர்க்கரை ஆலையை நிறுவியவர் இந்த மிகேல்தான். பணத்துக்குக் குறைவில்லாத வீடு.

எட்டு வயதில் பையனை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். பதினான்கு வயதில் அமெரிக்கா. அங்கே துறவியர் நடத்திய பள்ளி, பிறகு ஹார்வர்டில் கலைப் படிப்பு. 1938-ல் பட்டம். அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கியாயிற்று. போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் மருத்துவப் படங்கள் வரையும் வேலை. காயம்பட்ட சிப்பாய்களுக்கு அறுவை சிகிச்சை நடக்கும்போது பக்கத்தில் நின்று, பிளந்த உடம்பை அப்படியே வரைய வேண்டும். அதுவரை அவர் போட்ட படங்களும் அதே மாதிரிதான். ஊசிமுனைக் கோடுகள். ஒரு மயிரிழை பிசகாத வேலை.

1949-ல் ஒரு திருப்பம் வந்தது. நியூயார்க்கில் பெட்டி பார்சன்ஸ் நடத்திய காலரியில் ஜாக்சன் பொல்லாக்கின் படங்களைப் பார்த்தார். பொல்லாக் யார் என்று கேட்பவர்களுக்கு: பலகையையோ துணியையோ தரையில் விரித்து, வர்ணத்தை மேலிருந்து ஊற்றியும் சொட்டவிட்டும் படம் செய்தவர். உருவம் எதுவும் தேட முடியாது. வரைந்தவனின் உடம்பு அசைந்த வேகம்தான் படம். அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம் என்று சொல்கிறார்களே, அரூப வெளிப்பாட்டு ஓவியம், அதன் நடுநாயகம் இந்த மனிதர்.

'எண் 5, 1948' என்ற படத்தை ஒஸோரியோ 1,500 டாலருக்கு வாங்கினார். வீட்டுக்கு வந்து சேரும்போது வர்ணத்தில் ஒரு பகுதி பெயர்ந்திருந்தது. சரிசெய்து தருகிறேன் என்று எடுத்துப்போன பொல்லாக், அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடாமல் படத்தையே புதிதாகத் தீட்டிக் கொடுத்தாராம். அந்தச் சிநேகம் வளர்ந்தது. ஒஸோரியோ வெளியூர் போனபோது நியூயார்க் வீட்டில் பொல்லாக்கும் மனைவி லீ கிராஸ்னரும் தங்கிக்கொள்கிற அளவுக்கு.

பொல்லாக் சொல்லித்தான் ஒஸோரியோ பாரீஸுக்குப் போய் ஜான் துபுஃபே என்ற ஓவியரைப் பார்த்தார். பைத்தியக்கார விடுதிக்காரர்கள், சிறைக் கைதிகள், படிப்பறிவில்லாதவர்கள் போட்ட படங்களைத் தேடித்தேடிச் சேகரித்தவர் இவர். ஆக, மயிரிழைக் கோட்டுக்காரர், அந்தக் கோட்டை விட்டு எப்படி வெளியே வருவது என்று தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்போதுதான் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. சகோதரர் ஃபிரெடெரிக், ஆலைத் தொழிலாளிகளுக்காக ரேமண்டை வைத்துக் கோயில் எழுப்புகிறார். சுவரில் நீ வந்து படம் போடு.

1950-ன் பிலிப்பைன்ஸ்

அந்த வருஷம் அந்த நாடு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் படம் புரியும். 1945 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மணிலா நகரமே போர்க்களமானது. சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். 1946 ஜூலை 4-ல் சுதந்திரம். ஆக, ஒஸோரியோ போய் இறங்கியபோது அந்தக் குடியரசுக்கு வயது நான்கு.

நெக்ரோஸ் என்றால் கரும்பு. சில குடும்பங்களின் கையில் ஆயிரக்கணக்கான ஏக்கர். வெட்டுவதற்குப் பக்கத்துத் தீவான பனாயிலிருந்து, முக்கியமாக ஆன்டிக் பகுதியிலிருந்து, கூலிகள் வருவார்கள். சகாடா என்று அவர்களுக்குப் பெயர். மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவான். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் முன்பணம் தீர்ந்திருக்காது. நம் பக்கத்துக் கரும்பு வெட்டுகிறவர்களைக் கேட்டால் இந்தக் கணக்கு அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

மணிலாவில் அப்போது நவீன ஓவியர்களுக்கும் பழைய பாணிக்காரர்களுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. 1955-ல் ஒரு போட்டியில் பரிசுகளெல்லாம் நவீனர்களுக்கே போகிறது என்று மற்றவர்கள் படங்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். நாட்டின் அரூப ஓவியத்துக்கு முகமாக விளங்கிய ஹோஸே ஹோயா வெனிஸ் உலகக் கண்காட்சிக்குப் போனது 1964-ல். விக்டோரியாஸ் சுவர் இதற்கெல்லாம் முந்தியது. அதுவும் தலைநகரில் இல்லை, கரும்புக் காட்டில்.

கண் எதிரே

என் மகள் தில்லியில் பிறந்தவள். கணவனோடு இப்போது மணிலாவில் இருக்கிறாள், வங்கி வேலை. போன தடவை போயிருந்தபோது, "அப்பா, உங்க கோல்கொண்டா கட்டினவர் இங்கேயும் ஏதோ கட்டியிருக்காராமே" என்று அவள்தான் சொன்னாள். கிளம்பிவிட்டோம். மணிலாவிலிருந்து பகோலோடுக்கு விமானம். அங்கிருந்து வடக்கே சிலாய் வழியாக 30, 35 கிலோமீட்டர். சாலை முழுக்கக் கரும்பு லாரிகள். ஊர் நெருங்கும்போதே பாகு காய்கிற வாசனை. ஆலை வாசலில் பெயர் எழுதிக்கொடுத்து உள்ளே போக வேண்டும்.

வெளியே சாதாரணக் கான்கிரீட் கட்டடம். உள்ளே நுழைந்தேன். நின்றுவிட்டேன்.

பீடத்துக்குப் பின்சுவர் முழுக்க நெருப்பு. நடுவில் அகல விழித்த கண்களோடு கிறிஸ்து. மார்பில் இதயம் வெளியே தெரிய எரிகிறது. கைகள் இரண்டும் விரிந்திருக்கின்றன. அவருக்குப் பின்னால் இரண்டு பிரம்மாண்டமான கைகள், பிதாவின் கைகள். கீழே பாம்புகளைக் கக்குகிற ஒரு மண்டையோடு. சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் அடங்காமல் கத்துகின்றன. எத்தில் சிலிகேட் கலந்த வர்ணத்தில் கான்கிரீட் மேல் தீட்டியது.

ஓவியர் எடுத்துக்கொண்ட பொருள் இறுதித் தீர்ப்பு. 'கோபக்காரக் கிறிஸ்து' என்பது ஜனங்கள் வைத்த பெயர். அதுதான் நிலைத்தது. குழந்தை ஏசுவைக் கொஞ்சியும், சிலுவை சுமக்கும் ஏசுவுக்காக அழுதும் பழகிய நாட்டில், தீர்ப்புச் சொல்ல எழுந்து முறைக்கிற இந்த முகம் பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருப்பண்ணசாமியின் உருட்டு விழியையும் நரசிம்மரையும் பார்த்து வளர்ந்த எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. சாமி கோபப்படும், அநியாயத்தைப் பார்த்தால் படத்தான் வேண்டும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கோயிலின் மற்ற வேலைகளையும் கவனிக்க வேண்டும். மொசைக் படங்கள் ஆடே பெதூன் என்ற பெல்ஜியத்துப் பெண்மணியின் கை. அவற்றில் புனிதர்கள் எல்லாரும் பிலிப்பினோக்கள். மாநிற முகம், உள்ளூர் உடை. மரச் சிற்பங்களையும் பித்தளைத் தகடுகளையும் செய்தவர்கள் அந்த நாட்டுக் கைவினைஞர்கள். வெள்ளைக்காரச் சாயலில் இருந்த சாமிகளை மட்டுமே கும்பிட்டு வந்த தொழிலாளிகள், தங்கள் முகத்தை முதன்முதலாகச் சுவரில் பார்த்திருப்பார்கள்.

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள், மகளிடம் ஏதோ சொன்னார். மகள் எனக்குச் சொன்னாள்: "சின்ன வயசுல இந்தக் கண்ணுக்குப் பயந்து கடைசி பெஞ்சுலதான் உட்காருவாங்களாம். அங்கேயும் பார்த்துக்கிட்டேதான் இருக்குமாம்."

யார் மேல் கோபம்?

இந்தக் கேள்விக்கு அறிஞர்கள் பல பதில் சொல்கிறார்கள். அவர் ஆழ்ந்த கத்தோலிக்கர். அதே சமயம் தன்பால் ஈர்ப்பு உள்ளவர். தன் திருச்சபை தன்னைப் பாவி என்கிறது என்ற வேதனை அவருக்குள் எரிந்தது, அந்தத் தீதான் சுவரில் இருக்கிறது என்பது ஒன்று. எட்டு வயதில் வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட பிள்ளை தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்து போட்ட படம் என்பது இன்னொன்று. போரின் பிணங்களைப் பார்த்த கண் என்பதும் உண்டு.

எல்லாமே இருக்கலாம். ஆனால் படம் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? ஆலை முதலாளியின் பிள்ளை, முதலாளி கட்டிக்கொடுத்த கோயிலில், கூலிக்காரர்கள் நிமிர்ந்து பார்க்கிற சுவரில், தீர்ப்பு நாளைத் தீட்டியிருக்கிறார். அங்கே முதலாளியும் முழங்கால் போட வேண்டும், சகாடாவும் போட வேண்டும். அந்தக் கண்கள் இருவரையும் ஒரே மாதிரி பார்க்கின்றன.

இதைச் சொன்னவுடன் என் நண்பர் ஒருவர், பழைய தொழிற்சங்கக்காரர், மடக்கினார். "படம் போட்டான் சரி. கூலி ஏறிச்சா?" நியாயமான கேள்வி. ஏறவில்லை. 1980களின் நடுவில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை விழுந்தபோது நெக்ரோஸ் தீவில் பஞ்சமே வந்தது. 1985 செப்டம்பர் 20 அன்று, அதே வட நெக்ரோஸில் எஸ்கலான்டே என்ற ஊரில் ஊர்வலம் போன கரும்புத் தொழிலாளிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 20 பேர் செத்தார்கள். ஒரு சுவரோவியத்தால் இதையெல்லாம் தடுக்க முடியாது. ஆனால் அநியாயம் நடக்கும்போது சாமி தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்று சொல்கிற படம் ஒன்று அந்த ஜனங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

இரவில் போட்ட படங்கள்

சுவரைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். அதே மாதங்களில் ஒஸோரியோ இன்னொரு காரியமும் செய்தார். காகிதத்தில் உருகிய மெழுகைச் சொட்டவிட்டு, அதன் மேல் நீர்வர்ணத்தைப் பாயவிட்டார். மெழுகு இருக்கிற இடத்தில் வர்ணம் ஒட்டாது. பாத்திக் துணியில் செய்வது போலத்தான். வர்ணம் தன்னிஷ்டத்துக்கு ஓடி நின்ற இடத்தில் பேனாவால் கோடு. இப்படி நூற்றுக்கணக்கில் போட்டார். விக்டோரியாஸ் படங்கள் என்று இப்போது அவற்றுக்குப் பெயர்.

ஓவிய வரலாற்றுக்காரர்களுக்குச் சுவரைவிட இவை முக்கியம். மயிரிழை பிசகாமல் வரைந்த கை, பிசகுக்கு இடம் கொடுக்கக் கற்றுக்கொண்டது இங்கேதான். பொல்லாக்கிடம் பார்த்ததைத் தன்னுடையதாக்க அவருக்கு நியூயார்க் போதவில்லை, நெக்ரோஸ் தேவைப்பட்டது. இந்தப் படங்களைப் பார்த்துத்தான் துபுஃபே 1951-ல் ஒஸோரியோவைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

அந்தப் பத்து மாதத்தோடு சரி. பிறகு அவர் அமெரிக்காவிலேயே இருந்துவிட்டார். பொல்லாக்கின் யோசனைப்படி ஈஸ்ட் ஹாம்ப்டனில் சுமார் 60 ஏக்கர் தோட்டத்தோடு வீடு வாங்கினார். துபுஃபேயின் சேகரிப்பு 1952 முதல் 1962 வரை அந்த வீட்டில்தான் இருந்தது. சிப்பி, எலும்பு, கண்ணாடிக் கண், கடலில் மிதந்து வந்த கட்டை என்று எல்லாவற்றையும் பலகையில் ஒட்டிப் பெரிய பெரிய படைப்புகள் செய்தார். 1990-ல் காலமானார்.

எந்த ஊர்க்காரர்?

அமெரிக்கக் கலை வரலாற்றில் நெடுங்காலம் அவர் 'பொல்லாக்கின் படம் வாங்கிய பணக்கார நண்பர்'. பிலிப்பைன்ஸ் கலை வரலாற்றிலோ, எட்டு வயதில் போனவரை எப்படிச் சேர்ப்பது என்று தயக்கம். 2013-ல் வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் கலைக்கூடம் பொல்லாக், ஒஸோரியோ, துபுஃபே மூவரையும் சமமாக வைத்துக் கண்காட்சி நடத்திய பிறகுதான் அங்கே பார்வை மாறத் தொடங்கியது. பிலிப்பைன்ஸில் 2017-ல் இந்தச் சுவரோவியத்தையே பெயராக வைத்து மேடை நாடகம் வந்தது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல அனுமதிக்க வேண்டும். அப்பா போன பிறகு புதுச்சேரி வீட்டை விற்றுப் பங்கு பிரித்துக்கொண்டோம். கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது பெரியப்பா மகன், "உனக்கென்னப்பா, இனி உனக்கு இந்த ஊர்ல என்ன இருக்கு?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். ஆனால் ரயிலில் தில்லி வந்து சேரும் வரை அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இங்கே இத்தனை வருஷம் கழித்தும் நாம் மதராஸி. அங்கே போனால் தில்லிக்காரர். இதை வாசிக்கிற பல குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விக்டோரியாஸ் கோயிலில் அந்த அம்மாளிடம் மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன்: "இதைப் போட்டவர் பிலிப்பினோவா, அமெரிக்கரா?" அவருக்குக் கேள்வியே புரியவில்லை. மறுபடி கேட்டபோது, "எங்க கோயில் படம் போட்டவர்" என்றார். அவ்வளவுதான் பதில்.

திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒஸோரியோ ஊரில் இருந்தது குறைவு. அவர் பாஸ்போர்ட் வேறு. மறுபடி அங்கே குடியேறவும் இல்லை. ஆனால் கற்றதிலேயே புதிதான ஒன்றை, பயமில்லாமல், மெருகு போடாமல், பிறந்த மண்ணில் ஒரு சுவரில் வைத்துவிட்டுப் போனார். ஊர் அவரை எடுத்துக்கொண்டது. அவருக்குச் சுவர் கொடுக்க அண்ணன் தம்பி இருந்தார்கள், ஆலை இருந்தது, நமக்கு அதெல்லாம் இல்லைதான். ஆனாலும், 'எனக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது' என்ற கேள்வியை, 'என்னுடையது அங்கே என்ன இருக்கிறது' என்று மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. என் பதில் இப்போதைக்குத் திருப்தியாக இல்லை. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பொங்கலுக்கு மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். மணிலாவில் வளரும் பேத்தியைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது யாரோ. அதைத் தாண்டி நடந்து, கோல்கொண்டா மதில் ஓரமாக நிறுத்தி, "மேலே பாரு கண்ணு, அந்த வரிவரிப் பலகை. இதைக் கட்டினவர்தான் நெக்ரோஸ்ல அந்தக் கோபக்கார சாமி கோயிலையும் கட்டினார்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்ப இதுவும் நம்ம ஊரா தாத்தா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.